மரத்துக்கு வந்தால் ஊரைக் கூட்டுவோம்

எங்கள் திருப்பூரில் யார் இருமினாலும் அதற்கு ஒரே பெயர்தான்: பஞ்சு. நிட்டிங்கில் வேலை செய்பவன் இருமினாலும் பஞ்சு, பனியன் துணியையே தொடாத பேங்க் மேனேஜர் இருமினாலும் பஞ்சு. துணியிலிருந்து பறக்கிற தூசி தொண்டையில் படிந்திருக்கிறது, ஒரு துண்டு வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டால் இறங்கிவிடும் என்பது இங்கே சட்டம் மாதிரி. எங்கள் கம்பெனியில் அந்தச் சட்டத்தை நடத்திவைத்தவளே நான்தான். பதினோரு மணி டீயோடு ஆளுக்கொரு அச்சு வெல்லம் என் கையால்தான் கொடுப்பேன். மூன்று மாதம் எனக்கும் நானே கொடுத்துக்கொண்டேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட், இருபது மெஷின், பெரிய இடங்களில் வெட்டி அனுப்புகிற துணியைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்துகிறார்கள். நான் பொங்கலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் மகள். கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே செக்கிங் டேபிளில் உட்கார்ந்துவிட்டேன். பேர்தான் முதலாளியம்மா. வேலை என்னவோ தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ விட்டுப்போன தையலோ தெரிந்தால் அதன் பக்கத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது.

அதே டேபிளில் எனக்கு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து செக்கிங் பார்ப்பவள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெண். நான்கு வருஷமாக எங்களோடு இருக்கிறாள். கணவன் ஒரு சாயப்பட்டறையில் லோடு ஏற்றுகிறான். ஐந்து வயதில் ஒரு மகள். எங்கள் இருவருக்கும் நடுவே இரண்டடிதான் இடைவெளி. தீபாவளிக்குப் பிறகு அவளும் இருமினாள், நானும் இருமினேன். ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி ஆரம்பிப்போம். அயர்ன் மாஸ்டர், "இன்னைக்குக் கச்சேரி பலமுங்களா?" என்று கேட்பார். நாங்களும் சிரிப்போம். சிரித்தால் இன்னும் இருமல் வரும்.

இதற்கிடையில் நான் இளைத்துக்கொண்டே வந்தேன். சாயந்தரமானால் லேசாக உடம்பு சுடும், காலையில் ஜாக்கெட் முதுகு நனைந்திருக்கும். ஒரு வளைகாப்புக்குப் போனபோது சொந்தக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மெலிஞ்சு அம்சமா இருக்கறயே அம்முணி, என்ன டயட்டு?" என்று கேட்டு, ஒருத்தி குறித்துக்கொள்ளப் போனையே வெளியே எடுத்துவிட்டாள். எனக்கு என்ன பெருமை என்கிறீர்கள்! நாற்பத்தியொரு வயதில் பழைய ஜாக்கெட்டெல்லாம் பத்துகிறதென்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? உடம்பு உள்ளே உருகிக்கொண்டிருந்தது, நான் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் சளியில் ஒரு கோடு ரத்தம் வந்தது. அன்றைக்குத்தான் வெல்லத்தின் மேல் இருந்த நம்பிக்கை போனது. அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியை வாங்கிச் சோதித்தார்கள். டாக்டர் என் மகள் வயதை விடக் கொஞ்சம்தான் மூத்தவர்போல இருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "நுரையீரல்ல டி.பி. இருக்கு. ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை சாப்பிட்டா குணமாகிடும். பாதியில நிறுத்தினாத்தான் ஆபத்து. வீட்டுல இருக்கறவங்க, கூட வேலை செய்யறவங்க எல்லாரையும் பார்க்கணும்." காற்றில்தான் பரவும், இருமும்போதும் தும்மும்போதும் பரவும், தட்டிலோ துணியிலோ பரவாது என்பதையும் சொன்னார். முதல் இரண்டு வாரம் காற்றோட்டமான இடத்தில் தனியாகப் படுத்துக்கொள்ளச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். ஆனால் மனசு "கூட வேலை செய்யறவங்க" என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த இரண்டடி.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து கூடியது. என் மாமியார், கணவரின் அண்ணன், கணவர், நான். கணவரின் அண்ணனைப் பெரிய மாமா என்றுதான் கூப்பிடுவேன். மோசமான மனிதர் இல்லை. ஆனால் எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் அதற்கு ஒரு வேறு பெயர் வைத்துவிட வேண்டும் அவருக்கு.

"வீசிங்னு சொல்லிக்கலாம்," என்றார். "கோயமுத்தூர்ல தனியாப் பாத்துக்கலாம். இங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு நடந்தா நாளைக்கே ஊரெல்லாம் தெரிஞ்சுரும்."

"பேத்திக்கு இன்னும் நாலு வருசத்துல மாப்பிள்ளை பாக்கோணும் கண்ணு," என்றார் மாமியார். "டி.பி. ஊடுன்னு பேராயிட்டா ஆரு வாசல்படி ஏறுவாங்க?"

இதுவரை பொறுத்துக்கொண்டேன். அடுத்து பெரிய மாமா சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "இது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? எதுருல உக்காந்து லொக்கு லொக்குனு இருமறாளே, அவ கொண்டாந்ததுதான். இந்த வாரத்தோட நிறுத்திரு," என்றார் என் கணவரிடம்.

"அவளுக்கு டி.பி.ன்னு ஆருங்க மாமா சொன்னது?"

"பாத்தாத் தெரியாதா?"

"என்னையும் மூணு மாசமாப் பாத்துட்டுத்தானுங்க இருந்தீங்க. அழகா இருக்கறேன்னுதானே எல்லாரும் சொன்னீங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை என் வீட்டுக் கூடத்தில் அன்றைக்கு நேராகப் பார்த்தேன். திருப்பூரில் ஒவ்வொரு கேட்டிலும் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்குகிறது. இங்கே நிறுத்தினால் அவள் மறுநாளே இன்னொரு கம்பெனி ஸ்டூலில் உட்கார்ந்து இருமுவாள். அவளை யாரும் சோதிக்கப்போவதில்லை. நோய் இருந்தால் அவளைத் தின்னும், பிறகு அவள் மகளிடம் போகும். நாங்கள் மட்டும் வீசிங் என்று சொல்லிக்கொண்டு கோயமுத்தூருக்குக் காரில் போய் வருவோம்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் அவளை நிறுத்தப்படாது," என்று கணவரிடம் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி புள்ள, ரெண்டு வாரம்தானே," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், என் தட்டிலும் டம்ளரிலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. செக்கிங் டேபிளிலிருந்து மாமியார் எடுத்து வந்திருக்கிறார், பாத்திரம் மாறிவிடக் கூடாது என்று. பதினெட்டு வருஷமாக ஓட்டைப் பனியனுக்கு நான் ஒட்டிக்கொண்டிருந்த அதே ஸ்டிக்கர். எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. "தட்டுல எதுக்குங்கத்தை, என்ற நெத்தியிலயே ஒட்டி உட்ருங்க, வர்றவங்க போறவங்களுக்கு வசதியா இருக்கும்," என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே உரித்துப் போட்டுவிட்டு அதே தட்டில் சாப்பிட்டேன்.

இவ்வளவு வாய் பேசினேனே, அன்றைக்கே எதிர் ஸ்டூல் பெண்ணுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். 'எனக்கு டி.பி., நீயும் போய்ப் பார்த்துக்கொள்' என்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது. போடவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மை என்னவென்றால், பயந்தேன். இதை எழுதுகிறபோதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாளே மாத்திரையும் கையுமாக என்னைப் பொங்கலூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வு என்று பெயர், ஒளித்து வைப்பதுதான் விஷயம். அப்பாவின் தென்னந்தோப்புச் சாளைக் குடிசையில் தனியாகக் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். நாலாபக்கமும் காற்று. மாத்திரை சாப்பிட்ட முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து அலறிவிட்டேன். ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லியிருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. குமட்டல் இருந்தது, மூட்டு வலி இருந்தது. ஆனால் ஐந்தாம் நாள் சாயந்தரம் காய்ச்சல் வரவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அந்த வாரம்தான் அப்பாவின் தோப்பில் நாலு மரம் சரியில்லாமல் இருந்தது. கீற்றெல்லாம் உள்பக்கமாக விலா எலும்பு மாதிரி வளைந்து, ஓரம் மஞ்சள் பாய்ந்திருந்தது. அப்பா ஒரு மட்டையிலிருந்து ஏழெட்டு இலையை அறுத்து, பைக்கின் டேங்க் கவரில் செருகிக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குக் கிளம்பினார். சும்மா கிடக்கிறேனே என்று நானும் மாஸ்க் போட்டுக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துப் பூச்சிமருந்துக் கடைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஆஸ்பத்திரி வெளி நோயாளிப் பிரிவு மாதிரிதான் இருக்கும். ஆளாளுக்குக் கையில் ஓர் இலை. ஒருவர் தக்காளிச் செடியையே வேரோடு பிடுங்கி வந்திருந்தார், ஒருவர் பையில் வெங்காயத் தாள். கடைக்காரர் பார்ப்பதற்கு முன்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் வாங்கிப் பார்ப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், கிள்ளி முகர்ந்து பார்ப்பார்கள். நான் ரோட்டோரம் பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்பாவின் தென்னை ஓலை கைக்குக் கை மாறிப் போனதை அங்கிருந்தே பார்த்தேன்.

"இது கேரளா வாடல்தானுங்க," என்றார் ஒருவர். "உடுமலைப் பக்கம் எங்க சம்பந்தி தோப்புல இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"இதுக்கு மருந்து இல்லீங்ணா," என்றார் கடைக்காரர். "ரொம்ப முத்துன மரத்த வெட்டி எடுத்துருங்க. மத்ததுக்கு நல்லா உரம் குடுத்துத் தேத்திக்கலாம். பூச்சி பரப்பாமப் பாத்துக்கோணும். அக்கம்பக்கத்துல சொல்லிட்டீங்களா?"

"சாயந்தரம் தெக்காலத் தோட்டத்துக்காரர வரச் சொல்லியிருக்கறனுங்க," என்றார் அப்பா.

யாரும் அப்பாவை விட்டு ஓர் அடி தள்ளி நிற்கவில்லை. உன் மரம் என்ன பாவம் செய்தது என்று கேட்கவில்லை. இரண்டு பேர் தங்கள் தோப்பையும் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார்கள்.

சாயந்தரம் தெக்காலத் தோட்டத்துக்காரர் வந்தார். அப்பா மரம் மரமாகக் கூட்டிப்போய், கழுத்து வலிக்க அண்ணாந்து காட்டினார். "உங்களுதையும் பாத்துக்குங்க. எம்பட மரத்துலருந்து வந்துச்சுன்னு பொறகு வருத்தப்படக் கூடாது," என்றார். போகிற போக்கில் அவர் சாளைப் பக்கம் திரும்பி, "அம்முணி வந்திருக்காப்ல இருக்குது, மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டார். அப்பா சட்டென்று, "கொஞ்சம் சளிங்க," என்றார்.

அவர் வேலி தாண்டும் வரைதான் காத்திருந்தேன். "ஏனுங்கப்பா, மரத்துக்கு வந்தா ஊரைக் கூட்டறீங்க, மகளுக்கு வந்தா கதவைச் சாத்தறீங்க. இது என்னங்க ஞாயம்?"

"மரத்துக்குக் கலியாணம் காச்சி இல்லையே கண்ணு."

"எனக்குத்தான் ஆயிப்போச்சே! அந்த வாடலுக்கு மருந்தே இல்லைன்னு சொல்றாங்க, அதைக் கடை கடையாக் காட்டறீங்க. எனக்கு மருந்து இருக்குது. ஆறே மாசம். நல்லாகற நோவை ஒளிச்சு வெச்சு, நல்லாகாத நோவைத் தம்பட்டம் அடிக்கறீங்களே!"

அப்பா தண்ணி மாற்ற வேண்டும் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரைத் திட்டித் தீர்த்தேனே தவிர, எனக்கும் அது பொருந்தும் என்று உறைத்தபோது திட்டுவதற்கு ஆள் இல்லை. அப்பா சாயந்தரத்துக்குள் பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொல்லிவிட்டார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்தவளுக்கு ஒன்பது நாளாகச் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் மறுபடி பார்த்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்றார்கள். இன்னும் ஒரு மாதம் தோட்டத்திலேயே இருக்கட்டும் என்று மாமியார் போனில் சொன்னார். சனிக்கிழமை காலை பஸ் ஏறி நேராகக் கம்பெனிக்குப் போய் இறங்கினேன். எதிர் ஸ்டூல் பெண் இருந்தாள், கணவர் வாக்கைக் காப்பாற்றியிருந்தார். அவள் இருமலும் அப்படியே இருந்தது. "வாங்கக்கா, இப்பம் வீசிங் தேவலயா?" என்று கேட்டாள். வீசிங்! பெரிய மாமா வைத்த பெயர் எனக்கு முன்னாலேயே கம்பெனிக்கு வந்து சேர்ந்திருந்தது.

பதினோரு மணிக்கு மெஷின்கள் நின்றன. நான் ஷட்டர் பக்கம், காற்று வருகிற இடத்தில் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னேன்: "எனக்கு வந்தது வீசிங் இல்லீங்க. டி.பி. மருந்து சாப்பிட்டுட்டு இருக்கறேன். மூணு மாசமா உங்களோட ஒரே ஷெட்டுல இருமிட்டு இருந்திருக்கறேன். அதனால எல்லாரும் சோதிச்சுக்கோணும். திங்கக்கிழமை வண்டி நிக்கும்."

டி.பி. என்ற சொல்லுக்குத் தமிழ், இந்தி வேறுபாடு இல்லை, எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒடிசாக்காரத் தையல்காரர் ஒருவர் டீயைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மற்றவர்கள் டம்ளரையே பார்த்தார்கள். எதிர் ஸ்டூல் பெண் மட்டும் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"எப்பம் தெரியும் ஒங்களுக்கு?"

"தோட்டத்துக்குப் போறதுக்கு மொத நாள்."

"அப்பம் இத்தன நாளா ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எம்பிள்ளைய நெஞ்சுல போட்டுத்தான் தூங்க வைக்கேன் நான். அவ மூஞ்சிலதான் இருமிருக்கேன். வெல்லம் குடுத்த கையால ஒரு போன் போட முடியலயாக்கா?"

நான்கு வருஷத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. "தப்புத்தான்," என்றேன். அதற்குள் பெரிய மாமா ஆபீஸ் ரூமிலிருந்து வந்துவிட்டார். "ஏம்மா, நீ கொண்டாந்து குடுத்துட்டு அவங்களயே கேக்கறயா?" என்றார்.

அவள் திரும்பினாள். "நான் குடுத்தனா, ஒங்க வீட்டம்மா எனக்குக் குடுத்தாவளா, ஒங்களுக்கு எப்டி மொதலாளி தெரியும்? நீங்க பாத்தியளா?"

ஷெட்டில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை துணி ஏற்றுகிற வண்டியைக் கழுவி, ஜமக்காளம் விரித்து, எல்லோரையும் ஏற்றினோம். பெரிய மாமா, "ஆளுங்க போனாப் போதும், நாம எதுக்கு?" என்று நின்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, ஏறுங்க. நேரமாவுது," என்றார். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் அண்ணனை நோக்கிச் சொன்ன முதல் கட்டளை அதுதான் என்று நினைக்கிறேன். பெரிய மாமா ஏறினார். மாமியாரும் என் மகளும்கூட வந்தார்கள்.

முடிவு வந்தபோது, எல்லோரிலும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் கிருமி இருந்தது. எதிர் ஸ்டூல் பெண்ணுக்கு. "பாத்தயா, நான் அப்பவே சொன்னனே," என்றார் பெரிய மாமா. அவருக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. நான் டாக்டரிடமே அவரைக் கூட்டிப்போய்க் கேட்டேன், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று. அதைச் சொல்ல முடியாது என்றார் அவர். இரண்டு பேருக்கும் வேறு யாரோ ஒருவரிடமிருந்துகூட வந்திருக்கலாம், பஸ்ஸில் பக்கத்தில் நின்றவராகவும் இருக்கலாம் என்றார். அவள் மகளுக்கு நோய் இல்லை, தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் வீட்டாருக்கும் கொடுத்தார்கள். மாமியார் அந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டிக்கர் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இதோடு நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. அவள் குடியிருப்பது லைன் வீடு. எதிரெதிரே பன்னிரண்டு அறை, நடுவில் ஒரு சந்து, முன்னால் வீட்டுக்காரர் வீடு. கம்பெனிப் பேச்சு காற்றில் அங்கே போய்விட்டது. மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

"ஊருக்கே போயிரலாம்னு இவுக சொல்லுதாவ," என்றாள். "அங்க போனா மாத்திரைக்கு எங்க அலைய? ரெண்டு நாள் தேடுவேன், மூணாம் நாள் விட்டுருவேன். என்னைய எனக்குத் தெரியும். நீங்க மொதலாளி வீடு, சத்தமாச் சொல்லிட்டிய. ஒங்கள யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாவ. எங்களச் சொல்லுவாவ."

சூடு போட்ட மாதிரி இருந்தது. ஷட்டர் பக்கம் நின்று முழங்கிய வீரமெல்லாம் எனக்கு, அதன் அடி அவளுக்கு. அவள் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

லைன் வீட்டுக்கார அம்மா எங்கள் ஆட்கள்தான், சுற்றி வளைத்தால் மாமியாருக்குத் தூரத்து உறவு. என்னைப் பார்த்ததும் "வாங்க அம்முணி" என்றார். அதோடு சரி. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் காலை வைத்தால், வந்த காரியம் கேட்பதற்கு முன்னால் சொம்பில் தண்ணீர் வரும். சண்டைக்காரன் வந்தாலும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டை போடுவார்கள். அந்த அம்மா தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. சேரைக்கூடக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தண்ணி குடுங்கக்கா," என்றேன்.

உள்ளே போய் ஒரு பேப்பர் கப்போடு வந்தார். நான் கையை நீட்டவில்லை. "உங்க ஊட்டுல சொம்பு இல்லீங்களா?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பிப் போய்ச் சொம்பைக் கொண்டுவந்தார். மாஸ்க்கை இறக்கி, அந்தப் பக்கம் திரும்பி, அண்ணாந்து குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைக்காமல் அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், வேறு வழியில்லை.

"அந்தப் புள்ளையக் காலி பண்ணச் சொல்லியிருக்கறீங்களாம்," என்றேன். "அவளுக்கு என்கிட்ட இருந்துதான் வந்துச்சு. அவளை வெளிய அனுப்பறதா இருந்தா, எங்க ஊட்டு நோவுக்காக அவளை அனுப்பறேன்னு பன்னண்டு ஊட்டுக்கும் கேக்கற மாதிரி சொல்லி அனுப்புங்க. என்ற பேரையும் சேத்திச் சொல்லுங்க."

என்னிடமிருந்துதான் வந்தது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. டாக்டரே சொல்ல முடியாது என்றதை நான் எப்படிச் சொன்னேன் என்று கேட்டால், பெரிய மாமா எப்படிச் சொன்னாரோ அப்படித்தான். அவள் மேல் பழி போட ஆதாரம் தேவைப்படவில்லை. என் மேல் போட்டுக்கொள்ள மட்டும் எதற்கு?

அந்த அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். "அந்தப் புள்ள இருமறது ஊடு வரைக்கும் கேக்குதுங்களே," என்றார்.

"கேக்கும். மருந்து சாப்பிடறா, நாளாக நாளாக நின்னுரும். மருந்து சாப்பிடாம இருமறவங்களைப் பாத்துத்தானுங்க பயப்படோணும்."

அதைச் சொன்னபோது நான் யாரையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் சட்டென்று உள் அறைப் பக்கம் பார்த்தார். அந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. அடங்கியது. மறுபடி கேட்டது. எனக்கு அந்த இருமலைத் தெரியும். மூன்று மாதம் அதோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க ஊட்டுக்காரருக்குங்க. ஆடியிலருந்து இருக்குது. சாயங்காலமானா மேலு காயுது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டீங்கறாரு. ஆருகிட்டயும் சொல்லீராதீங்க அம்முணி."

முன்னால் இருக்கிற அவர்கள் வீட்டில் ஆடி மாதத்திலிருந்து இருமல். பின்னால் பன்னிரண்டு அறைகளுக்கும் ஒரே சந்து. அந்தச் சந்தில் மாதாமாதம் நடந்து, ஒவ்வொரு கதவாக நின்று வாடகை வாங்கியவர் அவர்தான். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், என் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானத்து முகங்கள் மாதிரியே இருந்தது.

"நான் சொல்ல மாட்டனுங்க," என்றேன். "நீங்கதான் சொல்லோணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நானும் அந்தப் புள்ளையும் மாத்திரை வாங்கப் போறோம். ஆட்டோவுல எடம் இருக்குது."

வருவார்கள் என்று நான் நம்பவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு ஆட்டோ அந்தச் சந்து முனையில் நின்றபோது, வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டி, மூக்கு வாய் மறைய டவலைச் சுற்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அந்த அம்மா, தலையைக் குனிந்தபடி. லைன் வீட்டுக் கதவுகளில் எட்டிப் பார்க்கிற முகங்கள். எதிர் ஸ்டூல் பெண் மகளைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு வந்தவள், அவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். ஒரு நிமிஷத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயில் வந்ததை எல்லாம் கேட்டிருந்தாலும் ஞாயம்தான். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் கேட்காமல் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அவர்களும் ஏறினார்கள், நான் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன். ஆட்டோ பல்லடம் ரோட்டில் திரும்பியது. பிறகு வீட்டுக்காரர், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்ன அதே வாயால், டவலுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அங்க என்னம்மா பண்ணுவாங்க?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"டப்பா தருவாவ, சளி கேப்பாவ. எச்சியத் துப்பிக் குடுத்துராதிய, செல்லாது. நெஞ்சுக்குள்ள இருந்து இருமி எடுக்கணும். நான் சொல்லித் தாரேன், பயப்படாதிய."